பதினாறாம் பக்கத்தின் அருகே முதற்பக்கம்

நூல் ஒன்றைக் கையில் எடுப்போர் அதன் பொருளைப் போற்றுவர், நடையைப் போற்றுவர், அட்டை கண்ணைக் கவர்ந்தால் அதனையும் போற்றுவர். பக்கங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என முறை பிறழாமல் அமைந்துள்ளனவே என்று வியந்தவர் ஒருவரையும் நான் இதுகாறும் கண்டதில்லை. முறை பிறழும்போதுதான் அதற்குப் பின்னால் ஒருவருடைய கை இருந்தது நினைவுக்கு வருகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மலர் ஒன்றில் அவ்வாறு நேர்ந்தது. ஓய்வுபெற்ற சில திங்களிலேயே மறைந்துவிட்ட பேராசிரியர் ஒருவரைப் பற்றி அவர்தம் மாணவர் உருகி எழுதிய கட்டுரை 13ஆம் பக்கத்தில் தொடங்கி, 16ஆம் பக்கத்தில் அடக்கத்தலத்தில் முடிகின்றது. தாளைப் புரட்டினால் பேராசிரியர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைகின்றார். வருகைப் பதிவேட்டைத் திறக்கின்றார். அடுத்த பக்கத்தில் இரண்டாம் முறையாக அடக்கம் செய்யப்பெறுகின்றார். வெளியீட்டு மேடையில் முதற்படியைப் பெற்றுக்கொண்ட அவர்தம் மகளார் அப்பக்கங்களைப் புரட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பழியை அச்சகத்தார்மீது போடுவது அன்று எங்களுக்கு எளிதாக இருந்தது. பிழை எங்களுடையதே. 64 பக்க மலருக்கான தகடுகளில் பாதி ஆயத்தமான பின்னர், இரண்டு பக்க வாழ்த்துரை ஒன்று வந்து சேர்ந்தது. அதனை 4ஆம் பக்கத்தை அடுத்துச் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டோம். 66 என்பது நான்கால் வகுபடாத எண். ஆதலால் இரண்டு வெற்றுப் பக்கம் கூட்டி 68 ஆக்கினர். உள்தாள்கள் 68 பக்கக் கணக்கிலும், முன்னரே முடிந்துவிட்ட வெளித்தாள்கள் எட்டும் 64 பக்கக் கணக்கிலும் அச்சாயின. முன்பகுதியில் பக்க எண்கள் சிறிதும் பிறழாமல் ஓடின. உள்ளடக்கம் மட்டும் இரண்டு பக்கம் பின்னோக்கிச் சென்றுவிட்டது. எண்ணை மட்டும் சரிபார்த்த நாங்கள் ஏமாந்தோம். பின்பகுதியில் 52ஐ அடுத்து 49 வந்ததைக் காணும் பொறுமை அந்த இரவில் எவருக்கும் இல்லை. இத்தனைக்கும் காரணமான அந்த வாழ்த்துரையோ மலரில் இடம்பெறவே இல்லை!

அன்று முதல் என் நெஞ்சில் ஊன்றிய கருத்து ஒன்றை இங்கு முன்வைக்க விரும்புகின்றேன். அச்சிடும் தாளில் எந்தப் பக்கம் எங்கே அமைய வேண்டும் என்று வகுக்கும் கலையைத் தமிழ்த்துறை மாணவர் கற்க வேண்டும். அதனைக் கணிப்பொறிக்கு எடுத்துரைக்கும் சிறு நிரலை அவர்களே எழுதவும் வேண்டும். பொத்தான் ஒன்றை அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்போரோடு நான் உடன்படவில்லை.

அச்சகத்தார் இக்கலையைப் 'பாரம் கட்டுதல்' என்பர். பாரம் என்பது ஒரு தாளின் ஒரு முகத்தில் ஒருங்கே அச்சாகும் பக்கங்களின் தொகுதி. ஓலைச்சுவடிக்கு இச்சிக்கல் இல்லை. ஏட்டின் இருபுறமும் எழுதி, துளையில் கயிறு கோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும். தாளை மடிக்கத் தொடங்கிய நாளில் பிறந்தது இச்சிக்கல்.

மலர் பிழைபட்ட மறுவாரம் செங்கல்பட்டில் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவரைத் தேடிச் சென்றேன். ஈய எழுத்துக் காலத்திலேயே கைதேர்ந்தவர். ஆப்செட் வந்தபின் டிரேசிங் தாளில் எடுத்த பக்கங்களைக் கத்தரித்து ஒட்டும் பணிக்கு மாறியவர். நான் கொண்டுசென்ற மலரை அவர் திறக்கவே இல்லை. முழுத்தாள் ஒன்றை எடுத்து மூன்று முறை மடித்தார். எட்டு இதழ்கள், பதினாறு பக்கங்கள். ஓரத்தைக் கிழிக்காமலே மூலைகளைச் சிறிது விலக்கி, 1 முதல் 16 வரை பென்சிலால் எண் இட்டார். பின்பு தாளை விரித்துக் காட்டினார். ஒரு முகத்தில் கீழ் வரிசையில் 4, 13, 16, 1. மேல் வரிசையில் தலைகீழாக 5, 12, 9, 8. மறுமுகத்தில் கீழே 2, 15, 14, 3. மேலே தலைகீழாக 7, 10, 11, 6.

“வாத்தியாரய்யா, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தால் தலை சுற்றும். பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கூட்டிப் பாருங்கள்” என்றார்.

கூட்டினேன். நான்கும் பதின்மூன்றும் பதினேழு. பதினாறும் ஒன்றும் பதினேழு. ஐந்தும் பன்னிரண்டும், ஒன்பதும் எட்டும், ஏழும் பத்தும், எல்லாமே பதினேழு. மடிப்பின் இருபுறமும் அமையும் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை, மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகைதான். 64 பக்க நூலில் அது 65. 68 பக்க நூலில் 69. எங்கள் மலரின் வெளித்தாள்கள் 65க்கும் உள்தாள்கள் 69க்கும் கட்டப்பெற்றிருந்தன. தகடு போடுவதற்கு முன் எவரேனும் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் அம்மகளார்க்கு அந்த வேதனை நேர்ந்திராது.

மாமல்லபுரத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுந்தோறும் எனக்கு அப்பெரியவரின் தாள் நினைவுக்கு வரும். ஐந்து இரதங்களும் ஒற்றைப் பாறைகளை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி அமைத்தவை. அடிப்பகுதி சில இடங்களில் முற்றுப்பெறாமல் நிற்பதே அதற்குச் சான்று. காண்போர் அடியிலிருந்து முடிநோக்கிக் கண்ணை உயர்த்துகின்றனர். செய்தவரோ முடியிலிருந்து அடிநோக்கி வந்தார். நாம் படிக்கும் வரிசை வேறு, ஆக்கும் வரிசை வேறு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல பாடம் அருகில் இல்லை. 1957 முதல் அவ்வூரில் இயங்கிவரும் அரசு சிற்பக் கல்லூரி மாணவர் கல்லில் கோடிட்ட பிறகே உளியைத் தொடுவர். நம் மாணவர் பலர் கோடிடாமலே அச்சு இயந்திரத்தைத் தொட்டுவிடுகின்றனர்!

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. 1994இல் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர் அச்சகங்கள் பலவும் பேஜ்மேக்கரிலேயே வளர்ந்தன. அதில் 'பில்டு புக்லெட்' என்றொரு வசதி உண்டு. அழுத்தினால் பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்றிப் புதிய கோப்பாகத் தரும். வசதிதான். ஆனால் கடைசி நேரத் திருத்தங்களை எந்தக் கோப்பில் செய்வது? அவசரத்தில் மாற்றிய கோப்பிலேயே செய்துவிடுவோம். மறு பதிப்புக்கு மூலக் கோப்பைத் திறக்கும்போது பழைய பிழைகள் எல்லாம் அங்கே அப்படியே வீற்றிருக்கும். என் பாடநூல் ஒன்றின் இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பினும் பிழை மலிந்து வந்த கதை இதுவே.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. அதன் பின்னும் நெடுங்காலம் நம் அச்சகங்கள் அதனை விடவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. கோப்பை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசென்றால் தமிழ் புரியாத குறிகளாய்ச் சிதறிவிடும். யூனிகோடு குறியீட்டையும், அச்சுப் பணிக்கென டேஸ்-16 குறியீட்டையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்க்ரைபஸ் மென்பொருளில் 2017இல் வந்த 1.5.3 பதிப்பு முதல் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம்மாறாமல் அமையத் தொடங்கின. அதன் 1.6 நிலைப்பதிப்பு 2024 சனவரியில் வெளியாயிற்று. பைத்தான் மொழியில் நாமே நிரல் எழுதி இயக்கும் வாய்ப்பும் அதில் உண்டு. ஏழை மாணவருக்கும் சிறு அமைப்புகளுக்கும் இது பெரிய கொடை என்பேன்.

பாரம் கட்டும் நிரல் பெரிதோ என்று அஞ்ச வேண்டா. 1990களின் முற்பாதியிலேயே ஆங்கஸ் டக்கன் என்பார் எழுதிய 'பி.எஸ்.யூட்டில்ஸ்' தொகுப்பில் பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்றுவதை மட்டுமே செய்யும் தனி நிரல் ஒன்று இருந்தது. நாம் எழுத வேண்டியதும் அத்தகையதே. முதலில், மொத்தப் பக்கத்தை நான்கால் வகுபடும் வரை வெற்றுப் பக்கம் சேர்த்து நிறைக்க வேண்டும். நிறைந்த எண் 32 எனக் கொள்வோம், தாள் எட்டு. முதல் தாளின் வெளிமுகத்தில் இடப்பக்கம் 32, வலப்பக்கம் 1. உள்முகத்தில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 31. அடுத்த தாளுக்குச் செல்லும்போது பெரிய எண்களில் இரண்டைக் கழித்து, சிறிய எண்களில் இரண்டைக் கூட்ட வேண்டும். எட்டாம் தாளின் உள்முகத்தில் 16உம் 17உம் வந்து நின்றால் கணக்கு முடிந்தது. ஒவ்வோர் இணையும் 33 ஆகின்றதா என்று நிரலே கூட்டிப் பார்த்து, ஆகாவிடில் அச்சிட மறுக்க வேண்டும். செங்கல்பட்டுப் பெரியவர் பென்சிலால் செய்த காவலை இந்த ஒரு வரி செய்கின்றது.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். நிரல் மூலக் கோப்பைத் தொடலாகாது. பக்கங்களை ஒன்று, இரண்டு என்ற இயல்பு வரிசையிலேயே பி.டி.எப். கோப்பாக எடுத்துக்கொண்டு, அதன்மீதே நிரலை இயக்க வேண்டும். எழுத்துரு உள்ளேயே அடங்கிவிடுவதால் தமிழ் சிதையாது. திருத்தம் எப்போதும் மூலத்தில் நிகழும். அடுக்கு எப்போதும் புதிதாய்ப் பிறக்கும். இரண்டு பக்க வாழ்த்துரை நள்ளிரவில் வந்தாலும், 68 பக்கத்துக்கும் ஒரே கணக்கில் மறுபடி கட்டச் சில நொடிகளே ஆகும்.

மடித்த தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகும்போது உள்தாள் சிறிது வெளியே துருத்தும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தாளில் 16 தாள்கள் கொண்ட 64 பக்க நூலுக்கு நடுத்தாள் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துருத்தும். மடிப்பின் வளைவைப் பொறுத்துச் சற்றுக் கூடவும் செய்யும். ஓரத்தை வெட்டும்போது நடுப்பக்கங்களின் வெளி ஓர வெற்றிடம் அந்த அளவு குறைந்துபோகும். ஆதலால் உட்செல்லச் செல்லப் பக்கத்தை மடிப்பை நோக்கி நகர்த்த வேண்டும். கைத்தேர்ச்சி மிக்க ஒட்டுநர் கண்ணாலேயே இதனைச் செய்தார். நிரலுக்குத் தாளின் தடிப்பைச் சொன்னால் போதும்.

இதுவரை கூறியதற்கெல்லாம் ஆயத்தப் பொத்தான் உண்டே என்று நண்பர் வாதிடலாம். இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் உண்டுதான். நம் கல்லூரி போன்ற இடங்களில் உருவாகும் சிறுநூல்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்க் கட்டுரைகள் இடப்புறமிருந்து திறக்கின்றன. அரபுப் பகுதி வலப்புறமிருந்து திறக்க வேண்டும். பல மலர்களில் அரபுப் பக்கங்களைத் தமிழ் வரிசையிலேயே செருகிவிட, படிப்பவர் பின்னோக்கிப் புரட்ட வேண்டியதாகின்றது. நிரலில் இதற்கு வழி மிக எளிது. 32 பக்க நூலில் தமிழ் 20 பக்கம், அரபு 12 பக்கம் என்போம். அரபின் பக்க எண்ணை 33இலிருந்து கழித்தால் அது நூலில் அமர வேண்டிய இடம் கிடைக்கும். அரபின் முதற்பக்கம் 32ஆம் இடத்திலும், பன்னிரண்டாம் பக்கம் 21ஆம் இடத்திலும் அமையும். தாளை விரித்துப் பார்த்தால் வெளித்தாளின் ஒரே முகத்தில் தமிழின் தொடக்கமும் அரபின் தொடக்கமும் அருகருகே கிடக்கும். இதனை முதன்முதல் கண்ட நாளில் நான் சிறுவனைப்போல் மகிழ்ந்தேன்.

இருவழி வரிசை நம் முன்னோர்க்குப் புதிதன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பல 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சில் வெளிவந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் அவ்வெழுத்திலேயே நூல்கள் இயற்றினர். தமிழ்ச் சொற்கள் வலமிருந்து இடமாக ஓடிய அந்நூல்களின் பாரங்கள், தமிழ் எழுத்து நூல்களின் பாரங்களுக்குக் கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறி அமைந்தாக வேண்டும். (கல்லச்சுக்கு உரிய கல் நுண்மையான சுண்ணாம்புக்கல். மாமல்லபுரத்துக் கருங்கல் எழுத்தைக் காக்கும். ஆனால் கல்லச்சு மையை ஏற்காது.) அரபுக் கையெழுத்து நூல்களில் ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதிவைக்கும் மரபு உண்டு. இதழ்கள் கலைந்தாலும் எதன்பின் எது என்று தெரியும். எண்ணை நம்பி ஏமாந்த எங்களுக்கு இம்மரபு கண்ணைத் திறந்தது. மெய்ப்புப் படியில் மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல் சிறு எழுத்தில் தோன்றுமாறு எங்கள் நிரலை அமைத்துள்ளோம். 16ஆம் பக்கத்தின் அடியில் ஒரு சொல்லும் 17ஆம் பக்கத்தின் தலையில் வேறொரு சொல்லும் இருந்தால் கண் தானே நின்றுவிடும்.

“இஃதெல்லாம் கணிப்பொறித் துறையின் வேலை, இலக்கணம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று நம் துறையிலேயே கேட்டனர். மதிப்பிற்குரிய மூத்தோர் வினா, தட்டிவிட இயலாது. எனினும் தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் அச்சகத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை. சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் அச்சில் கொணர்ந்தார். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்தில் தாமே அச்சகம் நிறுவினார். 1887இல் சிந்தாமணி வெளிவரும் வரை, கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர் அச்சுப் பணியின்பொருட்டுச் சென்னைக்கு வந்து உழைத்தார். பதிப்பு என்னும் சொல்லையே பாடத்தில் வைத்திருக்கும் நாம், பதிப்பதைப் பிறர் பொறுப்பில் முழுதும் விட்டுவிடலாமா? கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரை உடன் அமர்த்திக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. எங்கள் நிரலின் முதல் வடிவில் பாதி அத்துறைப் பிள்ளை ஒருவர் எழுதியதே.

நிரலை எழுதி முடித்தபின் அதற்குரிய வேலையும் வேண்டுமல்லவா? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோர ஊர்களில் மாணவர் சேகரித்த காற்று, வலை, கட்டுமரம் பற்றிய சொற்களை 32 பக்கச் சிறுநூலாக்கினோம். அரபுப் பகுதி இல்லை; எளிய அடுக்கு. ஏ4 தாள் எட்டு, நாற்பது படி. அச்சகத்தில் இவ்வளவு குறைந்த படிகளுக்குத் தகடு போடச் சொன்னால் முகம் சுளிப்பர்; இருபுறமும் அச்சிடும் சாதாரண லேசர் அச்சுப்பொறி போதும். முதற்படியில் உள்முகம் எல்லாம் தலைகீழாக வந்தது. தாளை நீண்ட ஓரத்தில் திருப்பும்படி விட்டிருந்தோம். குறுகிய ஓரத்தில் திருப்புமாறு மாற்றியதும் சரியாயிற்று. நடுவில் பின் அடிக்க நீண்ட கையுடைய கருவி இல்லை. ஸ்டேப்ளரை முழுதும் விரித்து, தெர்மாகோல் துண்டின்மீது தாள்களை வைத்துக் குத்தி, பின்னின் முனைகளைக் கையால் மடக்கினர் மாணவியர்.

நூலை எடுத்துக்கொண்டு கோவளத்துக்குச் சென்றோம். மீனவப் பெரியவர் ஒருவர் தம் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாடையைக் கடந்து அடுத்த பக்கம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, கச்சான் கரைப்பக்கத்துக் காற்று. நீங்கள் அதைக் கடலிலிருந்து வீச விட்டுவிட்டீர்கள். இங்கே எழுதியிருப்பது கொண்டலுக்கு உரியது” என்றார்.

இரண்டு விளக்கங்களும் இடம்மாறியிருந்தன. அன்றிரவே மாணவர் மூலக் கோப்பில் அவற்றை மாற்றினர். விளக்கம் நீண்டதால் ஒரு பக்கம் கூடிற்று. நிரல் மூன்று வெற்றுப் பக்கம் சேர்த்து 36 ஆக்கி, ஒவ்வோர் இணையும் 37 என்று கூட்டிப் பார்த்து ஒன்பது தாளில் அடுக்கித் தந்தது. அவ்வெற்றுப் பக்கங்கள் மூன்றின் தலையிலும் 'விடுபட்ட சொற்கள்' என்று அச்சிட்டு, மறுவாரம் பென்சிலோடு சேர்த்து அப்பெரியவரின் பேத்தி கையில் கொடுத்தனர்.